சோளகக் காற்றில் கதைத்துக்கொண்டு போக ஒரு வான்

கடந்த ஆடி மாதம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னாருக்கும் அங்கிருந்து திரும்பித் தெற்கே கொண்டச்சிக்கும் எங்கள் வான் வண்டியில் போய் வந்தோம். மன்னாரில் இருப்பவள் மன்னாரைச் சுற்றிவிட்டுப் பயணக் கட்டுரை எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நாங்கள் இடம் பார்க்கப் போகவில்லை. ஓடுகிற வானுக்குள் இரண்டு பேர் இருந்து கதைக்க முடியுமா என்று பார்க்கப் போனோம். முடியும். அதைப் பெருமையடிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வாகன ஆசனங்களுக்குக் குசன் தைக்கிற தொழில். உப்புக்குளத்தில் சிறிய கடை. என் கணவர் சூசை முப்பது வருடத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். போட்டின் பின்பக்கத்தில் இருந்து, வலது கையால் எஞ்சினைப் பிடித்தபடியே வாழ்க்கையின் பாதியைக் கழித்தார். அந்த இரைச்சலில் வலது காது ஏறக்குறையப் போய்விட்டது. இடது காது அமைதியான இடத்தில் நன்றாகக் கேட்கும், இரைச்சல் வந்தால் அதுவும் கையை விரித்துவிடும். வானை ஓட்டுவது நான். அவர் என் இடப்பக்கத்தில் இருப்பார். ஆகவே போன காது எனக்குப் பக்கம், நல்ல காது ஜன்னலுக்குப் பக்கம். இதைவிட மோசமாக யாரும் ஆட்களை இருத்த முடியாது.

அவர் கடலை விட்ட பிறகு, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிந்த பழைய உயர்கூரை வான் ஒன்றை வாங்கினோம். ஆசனங்களைக் கழற்றி, படுக்கை ஒன்றும் சின்ன அடுப்படி ஒன்றும் நானே போட்டேன். முதல் பயணம் மடு மாதா கோயிலுக்கு. போகும் வழியெல்லாம் நான் கத்தினேன், அவர் “என்ன? என்ன?” என்றார். பாதி வழியில் அவர் கேட்பதை நிறுத்தினார், நான் கத்துவதை நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

“இனி நீ போயிட்டு வா, றோஸ். நான் வரேல்ல. இரும்புப் பெட்டிக்குள்ள மீன் மாதிரி இருக்கேலாது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமும் அவர் இரவில் கடலில், நான் பகலில் தையல் மெஷினில். இனியாவது சேர்ந்து நாலு இடம் போகலாம் என்று வாங்கிய வான் அது. தனியாகப் போவதென்றால் எனக்கு பஸ் போதும். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் வேலை செய்வேன்.

உள்பக்கம் முழுவதையும் கழற்றினேன். தரையிலும், பின் சில்லுகளுக்கு மேலே உள்ள வளைவுகளிலும் அலுமினியம் பூசிய தார்த்தாளை ஒட்டினேன். அதற்கு மேல் தடித்த ஸ்பொஞ், அதற்கு மேல் கம்பளம். இந்த வான்களில் எஞ்சின் முன் ஆசனங்களுக்குக் கீழேதான் குந்தியிருக்கிறது. அதன் மூடிக்கு அடியில் சூடு தாங்கும் அட்டை வைத்து, சுற்றிவர இருந்த செத்துப்போன றப்பரை மாற்றினேன். கதவு றப்பர்கள் எல்லாம் புதிது. முன்பிருந்தவர் போட்டிருந்த பெரிய பல்லுள்ள ரயர்களைக் கொடுத்துவிட்டு, சாதாரணத் தெரு ரயர்கள் போட்டேன். இதெல்லாம் கடைக்கு வந்த வாகனங்களைத் தைத்துத் தைத்துக் கண்டுபிடித்த விஷயங்கள். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை.

ஒரு பிழை விட்டேன். கதவுகளின் அடியில் இருந்த சின்னத் துளைகளையும் சத்தம் வரும் வழி என்று நினைத்துத் தாரால் அடைத்தேன். கழுவிய மறுநாள் வளைவில் திருப்பினால், கதவுக்குள் சளக் சளக் என்று அலை அடிக்கிறது. அவை தண்ணீர் வடிகிற துளைகளாம். திறந்துவிட்டபோது ஒரு வாளித் தண்ணீர் முற்றத்தில் ஓடியது. “கதவுக்குள்ள ரெண்டு மீனும் விட்டிருக்கலாமே” என்றார் சூசை. சரி, நகைச்சுவை வருகிறது, மனம் இளகுகிறது என்று பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு நாள் வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் வானை விற்றுவிடுகிறேன் என்றேன். சும்மா மிரட்டவில்லை. விற்றிருப்பேன்.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். அடுப்படிச் சட்டி பானைகளுக்கு இடையில் சூசை பழைய வலைத் துண்டுகளை அடைத்து வைத்திருந்தார், ஒன்றும் கிலுங்கவில்லை. நகரத்தை விட்டு வெளியேறும்வரை நாற்பதில் ஓட்டினேன். சாதாரணக் குரலில் கேட்டேன்:

“தேத்தண்ணி குடிச்சனீங்களோ?”

“ஓம், ரெண்டு தரம்.”

என் நெஞ்சு விரிந்த விரிவில் ஸ்டியறிங் இடித்திருக்கும். பிறகு தெரு நேரானது, அறுபதுக்குப் போனேன். இடப்பக்கம் கடற்கரையோரம் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. அதே பக்கத்திலிருந்து சோளகம் வந்து வானை அறைந்தது. எங்கள் தலைக்கு மேலே ஓர் இரைச்சல் கிளம்பி, அதோடு ஒரு விசிலும் சேர்ந்தது. நான் ஏதோ கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டியபடி இருந்தார். மடுவிலிருந்து வரும்போதும் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பேசாலையில் அவருடைய தம்பி பெனடிக் வீட்டில் நிறுத்தினோம். பெனடிக் இன்னும் கடலுக்குப் போகிறவர். அண்ணனும் தம்பியும் மீன் பார்க்கப் போக, நான் பெயின்ற் வேலைக்குப் பாவிக்கிற ஒட்டுநாடா ரேப்பை எடுத்தேன். காற்றுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அறிய இதைவிட மலிவான வழி இல்லை. ஓர் இடத்தை ரேப்பால் மூடிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும், சத்தம் குறையாவிட்டால் அடுத்த இடம். கதவு விளிம்புகளை மூடி ஒரு கிலோமீற்றர் போய் வந்தேன், அப்படியேதான் இருந்தது. பக்கக் கண்ணாடிகளைச் சுற்றி ஒட்டினேன், கொஞ்சம் குறைந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அது எனக்கு வீட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் போட்டுக்குப் புனிதர் ஒருவரின் பெயர் இல்லாமல் கடலில் இறக்கமாட்டார்கள். சூசையின் போட்டில் “புனித அந்தோனியார் துணை” என்று எழுதிய பலகை இருந்தது. போட்டை விற்றபோது பலகையைக் கொடுக்கவில்லை. இனி ஓடுகிற எதிலும் அந்தோனியார்தான் முன்னுக்கு என்று நேர்ந்து, வானின் கூரையில், முன்கண்ணாடிக்கு மேலே, இரண்டு இரும்புக் கால்களில் செங்குத்தாக நிறுத்தினார். பங்குச் சுவாமி வந்து ஜெபித்து மந்திரித்தும் விட்டார். பலகைக்கும் கூரைக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி. போட்டில் ஓடுகிற வேகத்துக்கு அது ஒன்றும் செய்யாது. தெருவில், அறுபதில், சோளகத்துக்குள் அது ஒரு நாதஸ்வரம்.

தையல் வெட்டுத் துணிகளை அந்த இடைவெளிக்குள் அடைத்து, மேலே ரேப் ஒட்டி ஓட்டினேன். பாதிச் சத்தம் போய்விட்டது. திரும்பி வந்து நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தேன். சில்லையும் கதவையும் பற்றி அவரிடம் சொல்லலாம், அந்தோனியாரைப் பற்றி எப்படிச் சொல்வது?

சொன்னேன். காது கேட்கும் பக்கமாகப் போய் நின்று சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

“சுவாமி மந்திரிச்ச பலகை. அதில கை வைக்காத.”

“கழட்டச் சொல்லேல்ல. கொஞ்சம் பின்னுக்குச் சாய்ப்பம்.”

“எனக்கு அதில ஒரு சத்தமும் கேக்கேல்ல.”

அது உண்மை. விசில் மாதிரியான மெல்லிய சத்தங்களைப் போட்டின் எஞ்சின் அவரிடமிருந்து எப்போதோ வாங்கிக்கொண்டுவிட்டது. அவர் காதை அடைத்தது அதோடு வந்த இரைச்சல். பெனடிக் இடையில் புகுந்தார்.

“அண்ணை, இந்த வேகத்தில நிமிர்ந்து நிக்கச் சொன்னா அந்தோனியாரும் பாவம் என்ன செய்வார்? உங்களைத் தலையை வெளியில நீட்டிக்கொண்டு வரச் சொன்னா வருவியளோ?”

சூசை சிரிக்கவில்லை. முன் பம்பரில் ஏறி, நான் அடைத்திருந்த துணியை இழுத்து எறிந்துவிட்டு, பலகைக்குக் கீழே கையை வைத்தார். கடற்கரைக் காற்று அதற்குள்ளால் போய்க்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் நெடுநேரம் நின்றார். அவர் இறங்கியதும் வான் விற்பனைக்கு என்றுதான் நினைத்தேன்.

“காத்து பிச்சுக்கொண்டு போகுது,” என்றார் மேலே நின்றபடியே. “ஸ்பனரை எடு, றோஸ்.”

கால்களின் ஆணிகளைத் தளர்த்தி, பலகையைக் கூரையின் சரிவோடு சேரச் சாய்த்தது அவர். அடியில் வருகிற இடைவெளிக்கு ஸ்பொஞ்சை ஆப்பு வடிவில் வெட்டி, கறுத்த ரெக்சின் சுற்றி, தைத்து ஒட்டியது நான். தம்பி பிடித்துக்கொண்டு நின்றார். முடிய மணி ஒன்பதரை. வேலை முடிந்ததும் சூசை பலகையைத் தொட்டுச் சிலுவை போட்டார். தள்ளி நின்று பார்த்தேன். வானுக்குப் போட்டின் முன்மூக்கான அணியம் மாதிரி ஒரு முகப்பு வந்திருந்தது. முன்பைவிட வடிவு. பழகிய கண்ணால் சொல்கிறேன், கொழும்பிலிருந்து வருகிற வாகனங்களில்கூட இப்படித் தையல் இராது.

தலைமன்னாரில் பழைய கப்பல் இறங்குதுறைப் பாலத்தடிவரை போய்த் திரும்பினோம். கைபேசியில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டேன். அறுபதில் ஓடும்போது, மடுவிலிருந்து வருகையில் அளந்தது எழுபத்தேழு டெசிபல், இப்போது அறுபத்தொன்பது. அவரிடம் கேட்டேன். “பரவாயில்லை, கேக்குது,” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த மனிதர் வாய் அசைவை வாசிப்பதில் கெட்டிக்காரர். என் மனம் நோகக்கூடாது என்று, என் வாயைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறவர். காதால் கேட்டாரா கண்ணால் கேட்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகரத்துக்குத் திரும்பி, கடல் மேல் போகும் நீண்ட பாலத்தைத் தாண்டி, வங்காலை வழியாகச் சிலாவத்துறைத் தெருவைப் பிடித்தோம். பாலத்தில் காற்று வானை ஆட்டியது, ஆனால் இரைச்சல் இல்லை. நறுவிலிக்குளம் கிட்ட வரும்போது சூசை ஜன்னல் பக்கமாகத் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கை ஒன்றுக்குள் இருந்து ஓர் உழவு இயந்திரம், வைக்கோலோடு, இடமும் வலமும் பாராமல் எனக்கு முன்னால் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். கண்ணாடி பூட்டியிருந்தபடியால் அதை ஓட்டியவனுக்குக் கேட்க நியாயமில்லை, இருந்தாலும் பல்லுக்குள் முணுமுணுத்தேன்.

“எருமை. கண்ணைப் பிடரியில வைச்சுக்கொண்டு தெருவுக்கு வந்திட்டுது.”

“மாதாவே!” என்றார் என் கணவர், வயலைப் பார்த்தபடியே. “பொம்பிளை பேசுற பேச்சே இது?”

நான் வானை ஓரத்தில் நிறுத்தினேன். அவர் திரும்பினார்.

“என்ன, ஏன் நிப்பாட்டினனீ?”

“உங்களுக்குக் கேட்டதோ?”

“கேக்காமல்? நீ என்ன, எப்பவும் இப்பிடித்தான் திட்டிக்கொண்டோ ஓட்டுறனீ?”

“ஓம்.”

“மடுவுக்குப் போகேக்கையும்?”

“போகேக்கையும் வரேக்கையும். உங்களுக்குக் கேக்கேல்ல.”

அரிப்புக் கிராமம் வரும்வரைக்கும் என்னைத் திருத்தினார். புனித இடத்துக்குப் போகும்போது வாயை அடக்க வேண்டுமாம். கடலில் நீங்கள் திட்டாத திட்டா என்று நான் கேட்டேன். அது கடல், இது தெரு என்றார். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவை இருக்கவில்லை. இவ்வளவு இன்பமாக நான் ஒருநாளும் ஏச்சு வாங்கியதில்லை.

சிலாவத்துறையில் பகல் சாப்பாடு. அந்த மேசையில் இருந்து எழுதிய குறிப்புகள் இவை, உங்கள் வானுக்கு உதவும். முதலில் தரையையும் சில்லு வளைவுகளையும் செய்யுங்கள், தெருச் சத்தத்தின் பெரும்பங்கு அங்கேதான். தார்த்தாளைச் சுவர் முழுக்க ஒட்டிக் காசைக் கரைக்க வேண்டாம், தகரத்தை விரல் முட்டியால் தட்டி, மணி மாதிரி அதிர்கிற இடத்தின் நடுவில் ஒட்டினால் போதும். எஞ்சினுக்குக் கிட்ட சாதாரண ஸ்பொஞ் வைக்கவே கூடாது, எரியும். கதவின் வடிகால் துளைகளை அடைக்காதீர்கள், என் கதையைப் படித்தீர்கள்தானே. படுத்துறங்கும் வாகனம் என்றால் காற்று வருகிற வழியை அடைத்து அமைதி தேட வேண்டாம். கூரையில் எதை வைத்தாலும் அடியில் இடைவெளி விடாதீர்கள், முன்முகத்தைச் சாய்த்து வையுங்கள். சோளக காலத்தில் இந்தத் தெருக்களில் அறுபதுக்கு மேல் ஓட்டி ஒரு லாபமும் இல்லை. மன்னாரிலிருந்து சிலாவத்துறை ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், வழியில் கடைகள் குறைவு, தண்ணீர் கொண்டு போங்கள்.

கொண்டச்சிக்கு மூன்று மணியளவில் போய்ச் சேர்ந்தோம். நான் போட்ட திட்டம் அத்தோடு முடிந்தது. கடற்கரைப் பக்கம் நிழலாக ஓர் இடம் பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கக் கதவைத் திறந்தேன். சூசை அசையவில்லை. 

“இறங்கேல்லையோ?”

“கதவைப் பூட்டு. இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டன்.”

“எங்க போக?”

“எங்கயெண்டாலும் ஓட்டு, றோஸ். நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்ல.”