இரண்டு மந்திரவாதி அட்டைகள்

பழைய பேப்பர் கடையைத் தாண்டும்போது இன்றும் கால் நின்றுவிடும். மாயாஜால காமிக்ஸ் அட்டை ஏதாவது கண்ணில் படுமா என்று பார்ப்பேன். படுவதில்லை.

எழுபதுகளில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடையில் வேலை செய்தேன். அடுத்த கடை பாய், பழைய பேப்பர் வாங்கிப் பொட்டலம் கட்ட விற்பார். காமிக்ஸ் அட்டை மட்டும் வழவழவென்று இருக்கும், பொட்டலத்துக்கு மடியாது. கிழித்து என்னிடம் தந்துவிடுவார். றெக்கை வைத்த குதிரை. மூன்று தலைப் பாம்பு. பச்சை மூஞ்சி மந்திரவாதி. உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி வழிந்திருக்கும். உள்ளே என்ன கதை என்று எனக்குத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லை. அட்டை போதும்.

வீட்டில் எந்தப் புத்தகத்தைக் கண்டாலும் அட்டை போட்டுவிடுவேன். ரேஷன் கார்டுக்கு மந்திரவாதி. ரேடியோ லைசென்சுக்கும் மந்திரவாதி. அப்போது ரேடியோ வைத்திருந்தால் லைசென்ஸ் புத்தகம் வேண்டும்.

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஆறு மாதமாகப் பேச்சில்லை. கேட்காமல் ரைஸ்மில் வேலையை விட்டுவிட்டான் என்று கோபம். ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் சிரிப்பு நாடகம் வரும். வேலைக்குப் போகாமலிருக்க ஒருவன் வாரம் ஒரு பொய் சொல்லுவான். அப்பா கட்டிலில் இருப்பார், அண்ணன் வாசற்படியில். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை சண்டை முற்றியது. தாலுகா ஆபீஸ் போய்த் தன் பேரை வெட்டிவிடுவதாகச் சொல்லி, பீரோ மேலிருந்த ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு அண்ணன் மகாபலிபுரம் போய்விட்டான். அங்கே லாட்ஜில் வேலை. சனிக்கிழமை லைசென்ஸ் பார்க்கத் தபால் ஆபீஸ் ஆள் வந்தார். அப்பா எடுத்து நீட்டினார். பிரித்தால் ரேஷன் கார்டு. அண்ணன் எடுத்துப்போனதுதான் லைசென்ஸ். திங்கட்கிழமை காட்டாவிட்டால் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அப்பா என்னைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் சட்ட தெச்சிப் போட்டியே, மந்திரவாதி. போய் வாங்கினு வா."

ஞாயிறு காலை சைக்கிளில் கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் எதிர்க்காற்று. மிதித்தும் வழி குறையவில்லை. கோபத்தில் கிழித்துப் போட்டிருந்தால்? இதே நினைப்புத்தான்.

லாட்ஜில் அவன் இல்லை. கடற்கரை ரோட்டு டீக்கடையில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ரேடியோவுக்கு அடியில் நின்று சிரித்தான். என்னைக் கண்டதும், இரு என்று கை காட்டினான். முடியும்வரை நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து எடுத்தான். முதல் தடவையாகப் பிரித்துப் பார்த்தான்.

"தாலுகா ஆபீஸ் நேத்து முந்தாநாள் தொறந்துதான் இருந்திச்சி. நான்தான் போவல. அவுருகிட்ட சொல்லாத."

சரி என்றேன். டீ வாங்கிக் கொடுத்தான். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் அப்பா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வெச்சிருந்தான்?"

"சட்டப் பையில."

"நீ போய்க் கேக்கறவரைக்கும் இது ரேஷன் கார்டு இல்லன்னு தெரியாதா அவனுக்கு?"

"தெரியாது."

"அப்ப பிரிச்சே பாக்கல" என்று தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார். திங்கட்கிழமை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்பா லைசென்சை ரேடியோ மேலேயே விட்டார். ரேஷன் கார்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.