காலிச் சீட்டின் பெல்ட்

கணவர் மௌத்தான பிறகு, இத்தா என்று பிற ஆண்கள் கண்ணில் படாமல் அறைக்குள் இருந்த மாதங்களில், எனக்கு உலகம் காது வழியாகத்தான் வந்தது. வருகிற ஆண்கள் முன்வாசலோடு நின்றுவிடுவார்கள். நான் திரைக்குப் பின்னால். ஜன்னலுக்கு வெளியே அவருடைய கார் நின்றது. மாவடிப்பள்ளி வயல் றோட்டில் மாட்டுக்கு விலத்தப் போய் வாய்க்காலுக்குள் இறங்கிய கார். அதற்கு முன்பக்கம் கொஞ்சம் நெளிந்ததோடு சரி. அவருக்குத்தான் நெஞ்சு ஸ்டியரிங்கில் அடித்துவிட்டது.

பெல்ட் போடாமல் ஓடியிருக்கிறார் என்று ஊரே கதைத்தது. பெல்ட் கழன்று கதவோரம் தொங்கினதாம். அதை முதலில் சொன்னது அவருடைய தம்பி. ஜனாஸா வீட்டில், என் காதுபடவே. எனக்கு உச்சியில் ஏறியது. பக்கத்தில் இருக்கிற நிந்தவூருக்குப் போவதென்றாலும் பெல்ட் போடுகிற மனிதர் அவர். ‘பிளேன்லயா போறீங்க?’ என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன். அன்று காலையும் அந்த ‘டக்’ எனக்குக் கேட்டது. சொன்னால், பாவம், பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவா என்றார்கள். போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேட்டது அன்றைக்கா, முந்தின நாளா?

பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் இருக்கிறேன், காருக்குள் ‘டக்’. பெல்ட் சர்ரென்று இழுபட்டு, அதன் நுனி இரும்பு கதவோரம் மோதுகிற சத்தம். அவர் பகல் சாப்பாட்டுக்கு வந்து இறங்குவதற்கு முன் கேட்கிற அதே சத்தம். அடுத்ததாகக் கதவு திறக்கவேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. திரையை விலக்கிப் பார்த்தேன். கண்ணாடி எல்லாம் ஏற்றி, பூட்டி, ஆளில்லாமல் நின்றது கார். என்ட றப்பே என்று திரையை இழுத்து மூடினேன்.

பெட்டரி இறங்காமல் இருக்கத் தம்பிக்காரன் வந்து என்ஜினை ஓடவிட்டுப் போவான். அவன் வந்துபோன நாட்களிலெல்லாம் அது கேட்டது. ஒருநாள், துணைக்கு வந்திருந்த உம்மாவுக்கும் கேட்டது. கறிச்சட்டியும் கையுமாய் அப்படியே நின்றுவிட்டார்.

“ஜின் கின் ஏதும் இரிக்கும் மகள். லெப்பையைக் கூப்பிட்டு ஓதித் தண்ணி தெளிப்பம்.”

தெளித்தோம். பிறகும் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயத்தைவிட ஆசைதான் கூட இருந்தது. சோறு போடலாம் என்று எழும்பியும் இருக்கிறேன்.

அப்படியிருக்க, அவருடைய ஃபோனுக்குக் கொழும்பிலிருந்து ஒரு கோல். காரை இறக்கி விற்ற கம்பனியாம். ஒரு சிங்களப் பிள்ளை, தட்டுத்தடுமாறித் தமிழ் கதைத்தது.

“சேர்ட கார்ல டிரைவர் பெல்ட் பிழை இருக்கு. போட்டா டக் எண்டு கேக்கும், ஆனா சரியா பூட்டாது. கொஞ்ச நேரத்துல தானா கழரும். அந்த மாடல் எல்லாம் திருப்பி எடுத்து, சும்மா மாத்திக் குடுக்கிறம். அதுவரைக்கும் ஓட வேணாம் எண்டு சேருக்குச் சொல்லுங்க.”

“ஓம், சொல்றன்” என்றேன்.

அடுத்த முறை தம்பி வந்தபோது திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“தம்பி, என்ஜின் ஸ்டார்ட் பண்ணக்குள்ள பெல்ட்டை என்ன செய்யிறீங்க?”

“முதுகுக்குப் பின்னால கொழுவி விடுவன் மதினி. இல்லாட்டி மணியடிச்சிக்கிட்டே இரிக்குமே. நம்மட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதானே. பிறகு அப்படியே விட்டுட்டுப் போயிருவன்.”

“இண்டைக்கு நெஞ்சுக்குக் குறுக்கால போடுங்க. கையைத் தொடையில வெச்சிக்கிட்டு, சும்மா இரிங்க.”

பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். ஆனாலும் போட்டான். ‘டக்.’ என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்திவிட்டு இருந்தான். நான் திரையின் ஓரத்தால் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கையும் தொடையில்தான் இருந்தன. யாரோ விரலால் அமுக்கியதைப்போலப் பெல்ட் கழன்றது. அவன் நெஞ்சின் மேலால் ஊர்ந்து போய்க் கதவோரம் தொங்கியது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கோல் வந்த கதையை அப்போதுதான் சொன்னேன்.

“காக்கா போட்டிருக்கார் மதினி” என்று அண்ணனை நினைத்துக் குரலெடுத்து அழத் தொடங்கினான். “போட்டுத்தான் இரிந்திருக்கார்.”

உம்மாவைக் கூப்பிட்டேன்.

“கேற்றத் திறந்து விடுங்க உம்மா. றோட்டால போற ஆக்களுக்கும் கேக்கட்டும்.”