ரோசலின் அக்கா மேருவுக்குப் போன நாள்

பசியாறிவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. சவரிமுத்து அண்ணன். "ரோசலின் போயிட்டா, தம்பி" என்றார். அதோடு வைத்துவிட்டார். சிறுநீரகம் கெட்டு நெடுநாள் படுத்திருந்தவர்தான் அக்கா. செய்தி எதிர்பாராததல்ல. இருந்தும் ரிசீவரைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கார்ப் பட்டறைக்கு வந்துபோன உங்களில் பலர் அவரை மின்சாரம் அளக்கும் மீட்டரும் கையுமாகத்தான் பார்த்திருப்பீர்கள். செந்தூல் ரயில்வே குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சுங்கைவே மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே ஆட்குறைப்பு நடந்தபோது, கணவர் சவரிமுத்து அண்ணனின் பட்டறையில் தொலைபேசி எடுத்துப் பேச வந்தார். கார்களுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த காலம் அது. இன்ஜின் ஆட்களான நாங்கள் திணறியபோது, வயர் வேலை மெல்ல மெல்ல அவர் கைக்குப் போனது. பெண் வந்து பானெட்டைத் திறப்பதைப் பார்த்து ஒருவர், "அண்ணே இல்லையா?" என்று தயங்கினார். "அவருக்கு இன்ஜின் தெரியும், எனக்கு வயர் தெரியும். உங்க வண்டிக்கு இப்ப எது வேணும்?" என்று கேட்டார் அக்கா. கோபமில்லை, கிண்டலுமில்லை. வந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

நான் சொல்ல வந்தது மணியத்தின் காரைப் பற்றி. கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் வாடிக்கையாளர் மணியம். அவருடைய தம்பி சேகர் ஒருநாள் அந்தக் காரில் தாயாரை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு வரும்போது, ஃபெடரல் ஹைவேயில் வண்டி திடீரென அணைந்துவிட்டது. பின்னால் வந்த லோரி இடித்தது. தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சேகர் எண்ணெய் பார்க்காமல் ஓட்டியிருப்பான், இல்லை விளையாட்டுத்தனமாக ஏதாவது செய்திருப்பான் என்று மணியம் முடிவு கட்டினார். வண்டி தானாக நின்றது என்று தம்பி சொன்னதை யாரும் நம்பவில்லை. நசுங்கிய வண்டியை வேறொரு பட்டறையில் சரிசெய்து எடுத்தபோது அது நன்றாகவே ஓடியதால், பழி அவன்மீதே நிலைத்தது. அவன் கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான்.

சில மாதங்கள் கழித்து, மணியம் ஓட்டும்போதே வண்டி அதேபோல நின்றது. இழுத்து வந்து எங்களிடம் விட்டார். தம்பி கதையை அப்போதுதான் சொன்னார். பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் போகும் ஃபியூஸ் எரிந்திருந்தது. மாற்றினேன், வண்டி கிளம்பியது. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றேன். "ஓடுதுன்னா போதாது தம்பி, ஏன் நின்னுச்சுன்னு தெரியணும். ஃபியூஸ் சும்மா எரியாது" என்றார் அக்கா.

அதே ஃபியூஸிலிருந்துதான் ஆக்சிஜன் சென்சாருக்கும் மின்சாரம் போகிறது என்பதை வயர் படத்தில் பார்த்துக் கண்டுபிடித்தார். புகைக்குழாயில் இருந்துகொண்டு, புகையை வைத்துப் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னப் பொருள் அது. சூடேறினால்தான் வேலை செய்யும்; அதற்கு உள்ளேயே ஒரு சூட்டுக் கம்பி உண்டு. சென்சார்தான் கெட்டிருக்கும், மாற்றிவிடலாம் என்றார் சவரிமுத்து அண்ணன். அக்கா அளந்து பார்த்தார். சென்சாரில் குறையில்லை. இணைப்பைக் கழற்றி, மீட்டரின் ஒரு முனையைச் சென்சார் வயரிலும் மறுமுனையை வண்டியின் உடம்பிலும் வைத்தார். வயர் எங்காவது உடம்பைத் தொட்டால் மீட்டர் கூவ வேண்டும்; சத்தமில்லை. என்னை ஒரு கடப்பாரையால் இன்ஜினை லேசாக நெம்பச் சொன்னார். இன்ஜின் சாய்ந்ததும் மீட்டர் கூவியது.

அடியில் படுத்து விளக்கடித்தோம். வயர் புகைக்குழாயின்மேல் தொங்கிக் கிடந்தது. மேலுறை உருகி உள்ளே செம்பு தெரிந்தது. வண்டி குலுங்கிச் செம்பு குழாயில் படும்போதெல்லாம் ஃபியூஸ் எரியும், பம்ப் நிற்கும், வண்டி அணையும். சேகரின் விபத்துக்குப் பிறகு வண்டியைச் சரிசெய்தவர்கள் ஃபியூஸை மட்டும் மாற்றியிருக்க வேண்டும். வயரைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய கிளிப் அதன் இடத்தில் இல்லை.

அக்கா வெளியே வரவில்லை. வண்டிக்கடியில் கிடந்தபடியே கிளிப் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த சென்சாரைப் போன வருஷம் நான்தான் மாத்தினேன். கிளிப் மாட்டல."

சவரிமுத்து அண்ணன் பதறிப்போனார். வயரை டேப்பால் சுற்றி ஒழுங்காகக் கட்டிக் கொடுத்துவிடலாம், மற்றது எதற்கு, பட்டறை பேரே கெட்டுவிடும் என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அக்கா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பையன் மேல பழி கிடக்கே. அதை எதை வச்சுச் சுத்திக் கட்டுறது?"

மணியம் வந்ததும் அவரைக் கூட்டிப்போய் வயரைக் காட்டினார், நடந்ததைச் சொன்னார். மணியத்தின் முகம் கறுத்தது. "எங்கம்மா இன்னும் கம்பு ஊனித்தான் நடக்கிறாங்க, தெரியுமா?" என்றார். "தெரியும். அதனாலதான் சொல்றேன்" என்றார் அக்கா. மணியம் குனிந்து அந்த வயரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, இதைத் தம்பியிடமும் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். அன்று மாலையே மணியம், அக்கா, நான் மூவரும் மேருவுக்குப் போனோம்.

சேகர் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். அண்ணனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார்: "வண்டி நின்னது உங்க தப்பில்ல. நான் வயரைச் சரியாக் கட்டல. தப்பு என்னுது." அவன் அக்காவைத் திட்டவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். "நீயே வந்து சொல்லு" என்றார் மணியம். 

மணியம் அதன்பின் எங்கள் பட்டறைப் பக்கம் வரவில்லை. அவரைப் பார்த்து வேறு சிலரும் விலகிப்போனார்கள். அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. அந்தத் தாயாரைப் பார்க்க ஒருமுறை கிள்ளானுக்குப் போய்வந்தார் என்று பிறகு தெரிந்தது. அங்கே என்ன பேசினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செந்தூல் தேவாலயத்தில் அக்காவின் உடலை வைத்திருந்தபோது, கடைசி வரிசையில் ஒருவர் தனியாக நின்றிருந்தார். சேகர். பெட்டியைத் தூக்கும்போது கேட்காமலே வந்து தோள் கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் கடைசியில் ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். வேலை நெருக்கடி, உடம்பு சரியில்லை, வெளிச்சம் போதவில்லை என்று அக்காவுக்கும் ஏதாவது இருந்திருக்கும். மேருவில் அந்த வாசலில் அவர் எதையும் சேர்க்கவில்லை. "தப்பு என்னுது" என்றதோடு நிறுத்திக்கொண்டு, எதிரில் இருப்பவன் பேசட்டும் என்று காத்து நின்றார். அப்படிக் காத்து நின்றதைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.