சுவர் இல்லாத குசினி

என் கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகளும் கிடக்கும். சுவரில் பிழை விட்டால் பூசி மறைத்துவிடுவேன், தாளில் அந்த வித்தை தெரியாது. ஆட்களோடு கதைக்கவும் கூச்சம். ஆகவே மேசன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

1. படத்தில் பார்த்த வீடு

பண்டத்தரிப்பில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை. வீட்டுக்காரரைக் கனடா அண்ணை என்போம். அவர் வேலை முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். வருடம் முழுவதும் அங்கே இருந்து சமைக்கப் போகிறவர் அவருடைய அக்கா. ஆகவே வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

அண்ணை போனில் ஒரு படம் காட்டினார். பனி பெய்கிற ஊர்ப் படம். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவே சுவர் இல்லை. ஒரு கல் மேசை, அதன் மேல் கிண்ணத்தில் மூன்று தேசிக்காய், எலுமிச்சைதான்.

"இதுதான் ஓப்பின் கிச்சன். எல்லாரும் ஒண்டா இருந்து கதைக்கலாம். அந்தச் சுவரை இடியுங்கோ."

அக்கா சொன்னார்: "தம்பி, எனக்கு ஒரு கதவு வேணும். மீன் பொரிக்கேக்கை சாத்தோணும்."

"உங்களுக்கு உது விளங்காது அக்கா. மேலை மெசின் பூட்டுறன், புகையை இழுத்துப்போடும்."

"புகையை இழுக்கும். வீட்டுக்கு வாறவை குசினிக்குள்ளை பாக்கிற கண்ணையும் இழுக்குமோ? மேசன், நீங்களாவது சொல்லுங்கோவன்."

நான் சீமெந்துப் பையை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்த எங்கள் கொந்தராத்துக்காரர், "இப்ப எல்லா வீடும் உப்பிடித்தான்" என்றார். எந்த வீடு என்று சொல்லவில்லை.

சுவரை இடித்தோம். சீலிங், ஏசி, வெள்ளைச் சோபா எல்லாம் வந்தன. கிண்ணத்தில் தேசிக்காயும் வந்தது. புதுக் குசினியில் கறை படக்கூடாதென்று அக்கா கொல்லையில் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலில் சமைத்தார். மாரி மழை தொடங்கினால் அந்தக் கொட்டில் நிற்காது. கவலைப்பட்டது அக்கா மட்டும்தான்.

2. தாச்சி

வெளிநாட்டுக்குத் திரும்புகிற நம்மவர்கள் மிளகாய்த்தூள் இல்லாமல் பிளேன் ஏறுவதில்லை.

"அக்கா, உங்கடை கையாலை வறுத்த தூள் வேணும். அங்கத்தைத் தூளிலை ஒரு வாசமும் இல்லை."

"ஓம் தம்பி, அதுக்கென்ன."

அடுத்த நாள் அண்ணையின் மாமனார் குடும்பம் வீடு பார்க்க வந்தது. ஏசிக்காக யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நான் குளியலறையில் டைல்ஸ் இடுக்குக்குப் பூசிக்கொண்டிருந்தேன். அக்கா புதுக் குசினி அடுப்பில் தாச்சியை வைத்து, செத்தல் மிளகாயைக் கொட்டி வறுக்கத் தொடங்கினார்.

முதலில் மாமனார் தும்மினார். பிறகு எல்லோரும் இருமினார்கள். மெசின் தன்னால் இயன்றதை இழுத்தது.

"அக்கா! என்ன செய்யிறியள்?"

"நீ கேட்ட தூள். இன்னும் மல்லி கிடக்கு."

"வெளியிலை வைச்சு வறுங்கோவன்!"

"ஏன் தம்பி? எல்லாரும் ஒண்டா இருந்து கதைக்கலாமெண்டு நீதானே சொன்னனி. கதையுங்கோவன்."

கதைக்க ஒருவராலும் முடியவில்லை. எல்லோரும் முற்றத்து மாமரத்தடிக்கு ஓடினார்கள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வீடு மருமோன், இருக்கத்தான் ஏலாது" என்றார்.

பின்னேரம் அண்ணை சிவந்த கண்ணோடு வந்தார். "மேசன், உதிலை ஒரு சுவர் வைக்கலாமோ?"

"ஓம்" என்றேன். அந்த வீட்டில் நான் வாய்திறந்து சொன்ன யோசனை அது ஒன்றுதான்.

இடித்த இடத்திலேயே சுவர் எழும்பியது. கதவு பூட்டும்போது அக்கா வந்து நின்றார்: "கொண்டி என்ரை பக்கம் இருக்கட்டும்." அப்படியே பூட்டினேன். தேசிக்காய் மூன்றும் ஊறுகாய்க்குப் போயின.

வேலைக்கு வருகிறவர்களே, சுவரை இடிக்க முதல் படத்தைப் பார்க்காதீர்கள். தாச்சிக்கு முன்னால் யார் நிற்கப் போகிறார் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமென்றால், என்னைப் போல இடித்த சுவரைத் திரும்பக் கட்டுங்கள்.

கார்த்திகை மாதம் பன்னிரண்டாம் திகதி, மழையால் வேலை நின்ற நாள்.