ராவுத்தர் தோப்போடு நின்ற ரோடு

பச்சை வாழைத்தாரின் கறையும் குதிரை வியர்வையும் கலந்த ஒரு வாடை, பாச்சலூருக்கு மேலே கொம்பைக்காட்டில் நாங்கள் குடியிருந்த நாட்களில், விடியுமுன்பே குடிசைக்குள் நுழைந்துவிடும். ராவுத்தர் மாமா பொதியேற்ற வந்துவிட்டார் என்று அதை வைத்தே தெரிந்துகொள்வோம். அவருடைய 'பொதிக்குதிரைகள்' அப்பாவின் மலைவாழையை அடிவாரத்துக்கு இறக்கும்; அங்கிருந்து அது வண்டியேறிப் பழனிக்கு, பஞ்சாமிர்தத்துக்குப் போகும். பழம் கன்றாமல் போய்ச் சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் உலை.

திரும்பும்போது குதிரைகள் உப்பும் அரிசியும் கருவாடும் சுமந்து வரும். தைப்பூசம் நெருங்கினால் மட்டும் கருவாடு வராது.

"என்னண்ணே, விரதம் எங்களுக்கா ஒங்களுக்கா?" என்று அம்மா கேலி செய்வாள்.

"சாமிக்குப் போற பழம் ஏறுற சாக்கு, தங்கச்சி. கவிச்சி ஒட்டுனாப் போகாது. ஒரு மாசம் பருப்பத் தின்னாக் கொறஞ்சா போயிருவ?"

மலைக்கு ரோடு வேண்டுமென்று முதலில் சொன்னவரும் அவர்தான், வந்தால் தன் குதிரைகளுக்குச் 'சோலி' இருக்காது என்று தெரிந்தே. அடிவாரத்தில் உடன்பிறந்தவர்களோடு பொதுவில் இருந்த புளியந்தோப்பின் வழியாக ரோட்டை விடச் சம்மதமும் வாங்கித் தந்தார். வீட்டுக்கு ஓர் ஆள் கடப்பாரையோடு போய், மேலிருந்து பாதி மலைவரை ரோடு வெட்டியாயிற்று.

அப்போதுதான் கீழே ஓர் ஊரில், பள்ளிவாசல் முன்னால் மேளம் அடித்துப் போவதில் தகராறு முற்றிக் கடைகள் எரிந்தன. எங்கள் மலையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. செய்தி மட்டும் ஏறி வந்தது. ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "சாமிக்குப் போற பழம் பாய் குதிரையிலயா எறங்கணும்?"

அத்தனை வருஷம் யாருக்கும் தோன்றாத கேள்வி. அப்பா மட்டும், "அப்ப ஒங்க தலையிலயா எறக்கப் போறீங்க?" என்றார்.

"ஆமால, தலையிலதான். நம்ம சாமி, நம்ம தலை."

அப்படியே இறக்கினோம். செங்குத்துச் சரிவில் தலைச்சுமையாகப் போன தார்கள் இடிபட்டுக் கறுத்தன. பழனிக் கடைக்காரர்கள் தொடவில்லை. ஒருநாள் ராவுத்தர் மாமா வெறுங்குதிரைகளோடு வாசலில் வந்து நின்றார். "வெரசா ஏத்து மாப்ள, நான் எறக்கிர்றேன்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஊரோட இருக்கணும்ல மச்சான்."

அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. குதிரைகளை விற்றுவிட்டார். அவருடைய அண்ணன் தம்பிகள் தோப்பைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். "பழத்துக்கு ஆகாதவன் நெலம் ரோட்டுக்கு மட்டும் ஆகுமாக்கும்" என்று கேட்டார்கள். வெட்டிய ரோடு சரிவில் அறுந்து நின்றது. அடுத்த மழைக்கு அதில் உண்ணிச்செடி முளைத்தது.

தார்கள் மரத்திலேயே பழுத்துக் குரங்குகளுக்குப் போயின. அப்பா காட்டை வந்த விலைக்கு ஓர் எஸ்டேட்காரருக்கு விட்டுவிட்டு எங்களை அய்யம்பாளையத்துக்குக் கூலிவேலைக்குக் கூட்டிப்போனார். பின்னாலேயே ஒவ்வொரு வீடாக இறங்கியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, கொடைக்கானலில் மூட்டை தூக்கி, பிறகு கால் போன ஊருக்கெல்லாம் போனேன்.

ரோடு வெகுகாலம் கழித்து, தோப்பைத் தொடாமல் வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு மலைக்கு வந்தது. போன வருஷம் பஸ்ஸேறி, "கொம்பைக்காடு ஒண்ணு" என்றேன்.

"அப்படி ஸ்டாப்பே இல்லீங்களே ஐயா," என்றான் கண்டக்டர் பையன். "எஸ்டேட் கேட்டுல எறங்கிக்கிறீங்களா?"

இறங்கிக்கொண்டேன். கேட் பூட்டியிருந்தது.