அக்கா வரைந்த முதுகுகள்

டர்பன்டைன் நெடி... வலியசாலையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அதுதான் வரவேற்கும். சாம்பாரில்கூட அந்த வாசம் அடிக்கிறது என்று அம்மா புலம்புவாள்.

என் அக்கா ஓவியர். சாமி படம், மலை, சூரியோதயம் எதையும் வரைய மாட்டாள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பழவங்காடி கோயிலில் உடைத்த தேங்காயைப் பொறுக்குகிறவர்கள், விழிஞ்ஞம் கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள்... இவ்வளவுதான். அதுவும் எல்லாருக்கும் முதுகு மட்டும்!

"முகம் வரைய வராதாக்கும் உனக்கு?" என்று சீண்டுவேன்.

"நாம பாக்கோம்னு தெரிஞ்சா போஸ் குடுக்க ஆரம்பிச்சிருவாங்கடீ. பின்னால நின்னா நம்மளக் கண்டுக்க மாட்டாங்க, கேட்டியா."

ஒரு மழைக்காலம். விழிஞ்ஞத்திலிருந்து ஓர் அம்மா விசாரித்துக்கொண்டு வந்தார். நனைந்த சேலையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. அப்போதெல்லாம் போட்டோ என்றால் ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். அவன் போனதே இல்லை. கரையில் ஒரு பெண் உட்கார்ந்து எல்லாரையும் வரைவாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எம் மவன் இருக்கானா மோளே, அதுல?"

அக்கா படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்லாம் முதுகு. எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். ஒரே ஒரு முகம் வரைந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

அந்த அம்மா ஒரு படத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலையைத் தோளில் போட்டு நடக்கும் ஒருவன். நீலச் சட்டை. முதுகில் கட்டம் போட்ட துணியில் ஒரு ஒட்டு.

"இந்த ஒட்டு நான் போட்டதாக்கும். எம் பிள்ளையாக்கும் இது... தோளச் சரிச்சித்தான் நடப்பான்."

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "முகம் எப்படி இருக்கும்னு சொல்லுங்கம்மா. வேற படம் வரஞ்சு தாரேன்."

"வேண்டா மோளே. வேற வரஞ்சா வேற யாராவது ஆயிருவான்."

படத்தைப் பாலித்தீனில் சுற்றி, அதன் மேல் முந்தானையையும் போர்த்தி, தான் நனைந்தபடியே போனார். அக்கா அன்று சாப்பிடவில்லை.

இப்போது விழிஞ்ஞத்தில் பெரிய பெரிய கப்பல் வருகிறது. அக்காவும் போய்விட்டாள். என் போனில் அவள் போட்டோ எக்கச்சக்கம்... கல்யாண வீடு, பிறந்தநாள், ஆஸ்பத்திரி. எல்லாவற்றிலும் கேமராவைப் பார்த்து அதே சிரிப்பு.

பிரஷ்ஷைக் கொண்டையில் செருகிக்கொண்டு, ஒரு காலால் மறுகாலைச் சொறிந்தபடி, கேன்வாஸைப் பார்த்து நிற்பாளே... அந்த அக்கா ஒரு போட்டோவிலும் இல்லை. பின்னால் நின்று ஒரே ஒரு தடவை கிளிக் பண்ணத் தோன்றவில்லையே எனக்கு.