ஜெபகுமாரி போட்ட பூட்டு

மார்த்தாண்டத்தில் ரசலையன் நடத்தும் திருமணத் தகவல் நிலையத்தில் ஜெபகுமாரிக்குப் பன்னிரண்டு வருட வேலை. ஒரு வீட்டு விஷயம் அவள் காதுக்குள் போனால் போனதுதான். வாய் வழியாக வெளியே வந்த சரித்திரம் இல்லை. பின்னே? நம்ம பக்கத்தில் கல்யாணம் பேசி முடிக்கிறவர்களைவிட முடக்குகிறவர்கள்தானே அதிகம்! ஒரு மொட்டைக் கடிதம் போதும், போட்ட பந்தலைப் பிரிக்க வேண்டியதுதான்.

போன வருடம் வரன் விவரமெல்லாம் கிளவுட் மென்பொருளுக்கு மாறியது. வேண்டியவர்கள் போனிலேயே தேடிக்கொள்ளலாம். அதில் எந்தக் கட்டத்தையும் தனியாக என்கிரிப்ஷன் போட்டுப் பூட்டலாம் என்று தெரிந்ததும் ஜெபகுமாரிக்குப் பரலோகமே திறந்த மாதிரி ஆனது. வயது, படிப்பு, ஊர், சபை எல்லாவற்றையும் பூட்டித் தள்ளினாள். அந்தக் கையோடு, டீச்சர் வேலை பார்க்கும் தன் மகள் பிளஸ்ஸியின் விவரத்தையும் சத்தங்காட்டாமல் ஏற்றினாள். பெண் வீட்டார் தாங்களாகப் போய்க் கேட்பது குறைச்சல் அல்லவா? மாப்பிள்ளை வீட்டார் தேடிப் பிடித்து வரட்டும்.

ஒருத்தரும் வரவில்லை. பிளஸ்ஸிக்கு இருபத்தேழு முடியப் போகிறது. அந்த ஒரு வருடத்தில் ஊரார் பெண்களை ஞாபகத்திலிருந்தே எடுத்துச் சொல்லி இருபது கல்யாணம் நடத்தியவளுக்கு வயிறு எரிந்தது. எவனோ முடக்குகிறான்! பக்கத்து வீட்டுப் பொன்னுலிங்கம்தான் என்று முடிவு கட்டி, ஆறு மாதமாக அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பாவம், அந்த மனிதருக்குக் காரணமே தெரியாது.

ஒருநாள் காலையில் ரசலையன் கத்தினார். "போன்ல எத்தன தேடுனாலும் ஒரு பிள்ளயும் வரல்லியாம். என்னவாக்கும் செஞ்சு வச்சிருக்க?"

மென்பொருள் போட்டுக்கொடுத்த ஜெனித்தை அழைத்தாள்.

"பூட்டுன கட்டத்த வச்சுத் தேட முடியாதுக்கா. என்கிரிப்ஷன ஆஃப் பண்ணுங்க. பழைய பதிவு தானா திறக்காது, அதையும் தனியா திறக்கச் சொல்லணும்."

"அப்போ இந்தப் பூட்டுக்க சாவிய அழிச்சிரட்டா மக்கா? எவனாவது எடுத்துருவான்."

"அய்யோ! அத மட்டும் தொடாதீங்கக்கா! சாவி போனா மொத்தப் பிள்ளயளும் உள்ளயே கெடக்கும்!"

பூட்டுக்காகப் போட்ட ஒவ்வொரு டிக்கையும் எடுக்க எடுக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பதிவுகள் திறந்து முடிய மத்தியானம் ஆனது. அதற்குள் குவைத்திலிருந்து லீவில் வந்த தன் மகன் வினோஜுக்குப் பெண் தேடி ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார்.

"டீச்சரா இருக்கணும். இருபத்தெட்டுக்குள்ள. மார்த்தாண்டத்துப் பக்கம்னா கொள்ளாம்."

ரசலையனே தட்டினார். ஒரே ஒரு பெயர் வந்தது.

"இது ஒனக்க மகளில்லியா ஜெபகுமாரி? ஒரு வருசமா இதுக்குள்ளயா கெடக்கா?"

ஜெபகுமாரிக்கு அழுகை முட்டியது; சிரிப்பும் வந்து தொலைத்தது.

அந்த அம்மா போட்டோவை உற்றுப் பார்த்தார். "நல்ல லெட்சணமான பிள்ள. இதுவரைக்கும் ஒரு எடமும் வரல்லியா? ஆராவது முடக்குனாவளோ?"

"ஆமா," என்றாள் ஜெபகுமாரி. "நாந்தான்."